நூற்று எட்டின் மருந்துப் பெட்டி

ஆவடியிலிருந்து அம்பத்தூர், பாடி வழியாகச் சென்னை நோக்கிச் செல்லும் சாலையோரம் வாழும் குடும்பங்களுக்கு ஆம்புலன்ஸின் ஊதல் ஒலி புதியதன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் உள்ளோருக்கும் அவ்வாறே. ஒலி கேட்டதும் வண்டியை ஓரங்கட்டுகிறோம். உள்ளே கிடப்பவர் யாரோ என்று ஒரு நொடி இரங்குகிறோம். சிலர் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கிறார்கள். பிறகு அவரவர் வழியே போய்விடுகிறோம். அவ்வூர்திக்குள் ஒரு மருந்துப் பெட்டி இருக்கிறது. அதில் இருப்பவை எவை, அவை உடலுக்குள் என்ன செய்கின்றன, அவை உரிய நேரத்தில் வேலை செய்ய வீட்டார் எவ்வாறு துணைநிற்கலாம் என்பன பற்றி இத்திங்கள் எழுத விழைகிறோம்.

பெரியவர்கள் பலருக்கு ஆம்புலன்ஸ் என்றால் இன்னும் அச்சம். காரணம் இல்லாமல் இல்லை. 2008-ஆம் ஆண்டுக்கு முன் நம் பகுதியில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் ஆட்டோவைத் தேட வேண்டும்; இல்லையேல் தொழிற்சாலை வண்டிக்காகக் கெஞ்ச வேண்டும். ஆம்புலன்ஸ் என்ற பெயரில் ஓடியவற்றுள் பலவும் படுக்கை போட்ட வண்டிகளே. உள்ளே மருந்தும் இல்லை, மருந்து தர அறிந்தவரும் இல்லை. உயிரோடு போனவரைவிட உயிரின்றித் திரும்பியவரையே அவ்வண்டிகளில் மக்கள் அதிகம் கண்டார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று தமிழகத்தில் 108 சேவை தொடங்கிற்று. ஐதராபாத்தில் 2005-இல் தொடங்கிய ஏற்பாட்டின் வழியில் வந்தது அது. ஓட்டுநரை அங்கே 'பைலட்' என்று அழைக்கிறார்கள். பின்னால் அமர்ந்திருப்பவர் அவசரகால மருத்துவ நுட்புநர். அவர் மருத்துவர் அல்லர். செவிலியப் படிப்போ உயிரறிவியல் பட்டமோ பெற்று, அதன்மேல் ஏறத்தாழ 50 நாள் பயிற்சி பெற்றவர். ஐயம் எழுந்தால் கட்டுப்பாட்டு மையத்தில் உள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் சொற்படி மருந்து தருகிறார்.

மருத்துவர் அல்லாதாரிடம் இத்துணை பெரிய பொறுப்பை ஒப்படைக்கலாமா என்று சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. இக்கேள்வி உலகெங்கும் எழுந்த கேள்விதான். 1966 சனவரியில் அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிராங்க் பான்டிரிட்ஜ் என்ற இதய மருத்துவர், நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், கருவிகளோடும் மருந்தோடும் நோயாளியின் வீட்டுக்கே வண்டியை அனுப்பத் தொடங்கினார். மாரடைப்பால் இறப்போரில் பெரும்பாலோர் முதல் சில மணி நேரத்திலேயே இறக்கிறார்கள் என்பதை அவர் கண்டிருந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற சேவை பிறந்தது. வேலையற்றோர் என்று ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர்கள் அவர்களுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரப் பயிற்சி அளித்தனர். ஊசி போடவும், மூச்சுக்குழாய் செருகவும், மருந்து தரவும் அவர்கள் கற்றுத் தேர்ந்தனர். 1975-இல் நகராட்சி அச்சேவையை மூடிவிட்டபோதிலும், அவர்கள் காட்டிய வழி நிலைத்துவிட்டது.

இனிப் பெட்டியைத் திறப்போம். ஊர்தியின் தரத்திற்கேற்ப மருந்துகள் கூடலாம், குறையலாம். ஆயினும் சில மருந்துகள் எங்கும் முதன்மையானவை.

நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான நோயிலிருந்து தொடங்குவோம். ஐம்பதைக் கடந்த ஒருவர், இரவு உணவுக்குப் பின் நெஞ்சில் பாரம் என்கிறார், வியர்க்கிறது, இடக்கையோ தாடையோ வலிக்கிறது. வீட்டில் என்ன நடக்கும்? "வாயுதான்" என்பார் ஒருவர். சோடா வரும், ஓமநீர் வரும், பெருங்காயம் கரைத்த மோர் வரும், நெஞ்சில் தைலம் தேய்க்கப்படும். இரண்டு மணி நேரம் இவ்வாறே கழியும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவுப்பணி பார்க்கும் இளைஞர்களிடமும் இதே போக்கைக் காண்கிறோம். பணிமுறை முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டபின், அக்குழாயை நம்பியிருந்த தசை நிமிடத்திற்கு நிமிடம் மடிந்துகொண்டிருக்கிறது. ஓமநீர் அங்கே எட்டாது.

எட்டக்கூடியது, வியப்புக்குரிய வகையில், ஒரு மலிவான மாத்திரை: ஆஸ்பிரின். ஜெர்மனியில் 1899 முதல் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் விற்கப்பட்ட அதே மருந்துதான். இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியைப் பெரிதாக்குவதை அது தடுக்கிறது. 1988-இல் வெளியான ஓர் ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து வாரங்களில் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் நேரும் இறப்பை ஆஸ்பிரின் மட்டுமே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. விரைந்து உடலில் சேரும்பொருட்டு மாத்திரையை விழுங்காமல் மெல்லச் சொல்வார்கள்.

2023 சூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தை நம் மக்களில் பலர் இன்னும் அறியார். நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ துணை நிலையத்திற்கோ வருவோருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் 14 மாத்திரைகளை ஒருசேரத் தருகிறார்கள்: 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் இரண்டு, 75 மில்லிகிராம் குளோபிடோகிரெல் நான்கு, 10 மில்லிகிராம் அடோர்வாஸ்டேடின் எட்டு. முதலிரண்டும் கட்டி வளராமல் தடுப்பவை. மூன்றாவது குழாயின் உட்சுவரில் படிந்துள்ள கொழுப்புப் படிவைச் சாந்தப்படுத்துவது. இதைப் படித்துவிட்டுப் பதினான்கு மாத்திரையையும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வோமே என்று எவரும் எண்ண வேண்டா. நெஞ்சுவலியெல்லாம் மாரடைப்பன்று. குடற்புண்ணால் இரத்தம் கசிபவருக்கும், மூளையில் இரத்தம் கசிபவருக்கும் இம்மாத்திரைகள் கேடாய் முடியும். ஒரு பக்கம் கைகால் விழுந்து, வாய் கோணியவருக்கு இவற்றைத் தரவே கூடாது. அது அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுத்தபின்னரே தெரியும்.

நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் நம் வீடுகளில் அறிமுகமானது. நைட்ரேட் இனத்தைச் சேர்ந்த மருந்து. இவ்வினத்தின் மூத்தது நைட்ரோகிளிசரின். ஆம், டைனமைட் வெடிமருந்தில் உள்ள அதே பொருள். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கு முதுமையில் இதய நோய் வந்தபோது மருத்துவர்கள் அதையே மருந்தாக எழுதித் தந்தார்கள். விதியின் இக்கேலியை அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். இம்மருந்து குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. ஆனால் இரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடுகிறது. ஆகவேதான் நுட்புநர் முதலில் அழுத்தத்தை அளந்து பார்க்கிறார். அண்டை வீட்டார் அன்போடு நீட்டும் சார்பிட்ரேட்டால், ஏற்கெனவே அழுத்தம் இறங்கியிருப்பவர் மயங்கி விழக்கூடும். இன்னொன்றையும் இக்குடும்ப இதழில் தயங்காமல் எழுதுகிறோம்: ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையை ஒருநாள், இருநாளுக்குள் உட்கொண்டவருக்கு நைட்ரேட் தந்தால் அழுத்தம் அடியோடு சரிந்துவிடும். அவ்வகை மாத்திரை எடுத்தவர், மனைவி மக்கள் சூழ்ந்திருந்தாலும், நுட்புநரின் காதில் அதைச் சொல்லிவிட வேண்டும். கூச்சத்திற்கு அது நேரமன்று.

அடுத்து, அட்ரினலின். 1901-இல் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே விலங்குகளின் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து தூய நிலையில் பிரித்தெடுத்த பொருள் இது. குளவி கொட்டியபின்னோ, இறால் தின்றபின்னோ, ஊசி போட்டபின்னோ சிலருக்கு உடலெங்கும் தடிப்பு ஏறி, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு திணறும். இவ்வொவ்வாமை அதிர்ச்சியில் உயிர் காக்கும் முதல் மருந்து அட்ரினலினே. பெரியவர்க்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். 'அவில்' மாத்திரை அரிப்பைக் குறைக்கும். அடைத்த தொண்டையைத் திறக்காது. மாத்திரை போட்டுப் படுக்கவைத்துவிட்டுக் காலையில் பார்ப்போம் என்ற எண்ணத்திற்கு இங்கே இடமில்லை.

நின்றுபோன இதயத்திற்கும் அட்ரினலின் தருகிறார்கள். அங்கே அதன் ஆற்றல் நாம் எண்ணுமளவு பெரிதன்று. இங்கிலாந்தில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அட்ரினலின் பெற்றோரில் நூற்றுக்கு 3.2 பேரும், பெறாதோரில் 2.4 பேரும் முப்பது நாள் பிழைத்திருந்தனர். பிழைத்தும் மூளை நலத்தோடு வாழ்ந்தோர் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் எது காக்கும்? விழுந்த நொடியிலிருந்து யாரேனும் ஒருவர் மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறையாமல், நன்கு அழுத்துவது. அதன்பின் மின்னதிர்ச்சிக் கருவி. முதலாவது நம் இல்லத்து இளைஞர் கையில் உள்ளது. பங்கின் இளைஞர் இயக்கங்கள் ஒரு ஞாயிறு மாலையை இப்பயிற்சிக்கு ஒதுக்குவது, இன்னொரு கிரிக்கெட் போட்டியைவிடப் பயனுள்ளதாயிருக்கும் என்பது நம் கருத்து.

சர்க்கரையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். தமிழகத்திலோ நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். சர்க்கரை ஏறினால் அஞ்சுகிறோம். இறங்கினால் என்னவாகும் என்று பலர் எண்ணுவதில்லை. மூளை சர்க்கரையைக் கொண்டே வாழ்கிறது. அது குறைந்தால் வியர்வை, நடுக்கம், குழறல், சினம், பிதற்றல், முடிவில் மயக்கம். காண்போர் குடித்திருக்கிறார் என்றோ, பக்கவாதம் என்றோ நினைக்கிறார்கள். நுட்புநர் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து அரை நிமிடத்திற்குள் உண்மையைக் கண்டுவிடுகிறார். டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசலைச் சிரைவழி ஏற்றியதும், பிணம்போல் கிடந்தவர் சில நிமிடங்களில் கண்விழித்து, "ஏன் எல்லாரும் கூடியிருக்கிறீர்கள்?" என்று கேட்பார். மருந்துப் பெட்டியில் இதைவிட விரைவாகப் பலன் காட்டுவது அரிது.

இங்குதான் நம் பங்குகளில் நிகழும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதியோர் பலர் ஞாயிறு காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள், அல்லது இன்சுலின் குத்திக்கொள்கிறார்கள். நற்கருணை வாங்க வேண்டுமென்று ஒன்றும் உண்ணாமல் திருப்பலிக்கு வந்துவிடுகிறார்கள். சிறுவயதில் நள்ளிரவு முதல் நோன்பிருந்து பழகிய தலைமுறை அது. அச்சட்டம் மாறி நெடுநாளாயிற்று. 1964 முதல் ஒரு மணி நேர நோன்பே போதும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் விதி, முதியோரையும் நோயுற்றோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் அந்த ஒரு மணி நேரத்திலிருந்தும் விடுவிக்கிறது. மாத்திரை போட்டவர் இரண்டு இட்டிலியாவது உண்டுவிட்டே கோவிலுக்கு வரட்டும். ஊர்தி வருமுன் வீட்டார் செய்யத்தக்கது இது: நினைவிருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை நீரோ பழச்சாறோ தரலாம். நினைவில்லாதவர் வாயில் ஒன்றையும் ஊற்றலாகாது. அது நுரையீரலுக்குள் போகும். டெக்ஸ்ட்ரோஸால் எழுந்து உட்கார்ந்தவரை, "சரியாகிவிட்டது, ஆஸ்பத்திரி வேண்டா" என்று கையொப்பமிட்டுத் தடுத்துவிடுகிறார்கள் சிலர். மாத்திரையின் வேலை ஒருநாள்கூட நீடிக்கலாம். ஏற்றிய சர்க்கரையோ விரைவில் தீர்ந்துவிடும். மறுபடி விழும்போது வீட்டில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

வலிப்பு கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இரும்புக்கும் வலிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நிற்பதால் சாவிக்கு அப்பெருமை கிடைத்துவிட்டது. ஐந்து நிமிடத்திற்குமேல் நீடித்தால் மருந்து வேண்டும். அது மிடசோலாம். துடித்துக்கொண்டிருப்பவரின் சிரையைத் தேடி ஊசி செருகுவது எளிதன்று. எனவே தசையில் போட்டால் என்ன என்று அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 2012-இல் வெளியான முடிவில், தசையில் மிடசோலாம் பெற்றோரில் நூற்றுக்கு 73 பேருக்கும், சிரைவழி வேறொரு மருந்து பெற்றோரில் 63 பேருக்கும், மருத்துவமனையை அடையுமுன்பே வலிப்பு நின்றிருந்தது. மூக்கில் தெளிக்கும் வகையும் உண்டு. வீட்டார் வேலை எளிது: ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் கரண்டியோ துணியோ திணியாதிருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது.

ஆக்சிஜனும் மருந்தே. கேட்டவர்க்கெல்லாம் தருவதற்கில்லை. மாரடைப்பு நோயாளியின் இரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் மேலும் தருவதால் நன்மை இல்லை என்று 2017-இல் சுவீடன் நாட்டு ஆய்வொன்று காட்டிற்று. ஆகையால் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு முகமூடி வைக்காமலிருந்தால் நுட்புநரோடு சண்டைக்குப் போக வேண்டா. ஆஸ்துமாவுக்கு ஆவியாகச் செலுத்தும் சால்புடமால் உண்டு. பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின். நம் புறம்போக்கு நிலங்களில் மண்டிக்கிடக்கும் ஊமத்தையிலும் இருக்கும் நஞ்சு அது. அளவறிந்து தந்தால் மற்றொரு நஞ்சை முறிக்கிறது.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும், மதுரவாயல் புறவழிச் சாலையும் நம் பகுதிக்கு வசதியைத் தந்தன, விபத்தையும் தந்தன. இரத்தம் வெள்ளமாய்ப் போகும் நோயாளிக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து உண்டு. உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் காப்பது அதன் தொழில். அதைக் கண்டவர் ஜப்பானியப் பெண்மணி உடாகோ ஒகாமோட்டோ. கணவரோடு சேர்ந்து 1962-இல் அதை வெளியிட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றி, மகளை முதுகில் கட்டிக்கொண்டே ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர் அவர். பிள்ளைப்பேற்றின்போது இரத்தப்போக்கால் இறக்கும் தாய்மாரைக் காப்பதே அவர் நாட்டம். நெடுங்காலம் அது பெரிதாகப் போற்றப்படவில்லை. 2010-இல்தான், இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,211 விபத்து நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, அது உயிர் காப்பதை உறுதிசெய்தது. ஒரு நிபந்தனை உண்டு: காயம்பட்ட மூன்று மணி நேரத்திற்குள் தரவேண்டும், பிந்தினால் தீங்கே நேரலாம். 2017-இல் தாய்மார் பற்றிய ஆய்வும் நற்செய்தி தந்தது. ஒகாமோட்டோ அதைக் காணவில்லை. முந்தைய ஆண்டு, 98-ஆம் வயதில், இறந்துவிட்டார்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீசு, கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என அஞ்சுவோருக்கு: உதவியவரைத் துன்புறுத்தலாகாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அப்பாதுகாப்பைச் சேர்த்துவிட்டார்கள். பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் 2021 திசம்பர் முதல் உள்ளது.

பாம்புக்கடி மருந்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் ஏரிக்கரைக் குடியிருப்புகளில் அச்சம் இயல்பே. அம்மருந்தே சிலருக்கு ஒவ்வாமை அதிர்ச்சியைத் தரக்கூடியது. ஆகவே படுக்கையில் வைத்து, அட்ரினலினை அருகில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு மருத்துவமனையில் ஏற்றுவதே முறை. கடிபட்ட காலை அசைக்காமல், இறுகக் கட்டாமல், கீறாமல், விரைவாகக் கொண்டுசேர்ப்பதே ஊர்தியின் பணி.

இரவில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டி, "சாமி, அப்பாவுக்கு முடியவில்லை, அவஸ்தை கொடுக்க வாருங்கள்" என்று அழைப்போரிடம் நாம் முதலில் கேட்பது, 108-ஐ அழைத்துவிட்டீர்களா என்பதே. நோயில்பூசுதல் சாவோருக்கு மட்டும் உரியதன்று. அதை மருத்துவமனைப் படுக்கையருகிலும் தரலாம். பதினைந்து நிமிடம் நமக்காகக் காத்திருந்துவிட்டுப் பிறகு வண்டி தேடுவது கூடாது.

அழைக்கும்போது முகவரியைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆவடியிலும் காந்தி தெரு உண்டு, அம்பத்தூரிலும் உண்டு, பூந்தமல்லியிலும் உண்டு. கோவில், பள்ளி, ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி என ஓர் அடையாளம் சொல்லி, தெருமுனையில் ஒருவரை நிறுத்திவையுங்கள். நோயாளி வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுங்கள். "பிரஷருக்கு வெள்ளை மாத்திரை" என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. எந்த மருந்து ஒவ்வாது என்பதை அப்பையிலேயே ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். உடன் ஒருவர் ஏறினால் போதும். மருத்துவமனையை அடைந்ததும் நுட்புநர் தாம் தந்த மருந்தையும், அளவையும், தந்த மணியையும் குறித்த தாளை அங்குள்ள மருத்துவரிடம் கொடுப்பார். உடன் செல்பவர் அதைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்வது நலம். ஒரு மருத்துவமனையில் இடமின்றி மற்றொன்றுக்கு அனுப்பினால், அங்கே முதலில் கேட்கப்படுவது அதுவே: வழியில் என்ன மருந்து கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு?